கொழுகொழு என்னும் சொல்: இந்தியக் குழந்தையின் எடையும் தாயின் மீதான குற்றச்சாட்டும்

மராத்தியில் 'குட்குடீத்' என்றொரு சொல் உண்டு. கன்னம் உப்பி, தொடையில் மடிப்பு விழுந்து, உருண்டு திரண்டிருக்கும் குழந்தையைக் கொஞ்சுவதற்கான சொல் அது. வங்காளத்தில் அதே குழந்தை 'நாதுஸ்-நுதுஸ்', இந்தியில் 'கோல்-மடோல்', தமிழில் 'கொழுகொழு'. மொழிக்குடும்பங்களின் எல்லையைத் தாண்டி இந்திய மொழிகள் பகிர்ந்துகொள்ளும் பண்புகளுள் இத்தகைய இரட்டைப்பு வடிவங்களும் அடங்கும் என்பதை மொழியியல் மாணவர்கள் எமனோவின் கட்டுரைகள் வழியாக அறிவார்கள். கவனிக்க வேண்டியது வேறொன்று. மெலிந்த குழந்தைக்கும் இம்மொழிகளில் சொற்கள் இருக்கின்றன: மராத்தியில் 'கிட்மிடீத்', தமிழில் 'நோஞ்சான்', 'சவலை'. அவற்றில் கொஞ்சல் இல்லை, முறையீடு இருக்கிறது. பருத்த குழந்தையை நோக்கிச் சொல் பேசப்படுகிறது. மெலிந்த குழந்தையைப் பற்றித் தாயிடம் கேள்வி கேட்கப்படுகிறது.

இந்த வேறுபாடு இந்தியர் பேசும் ஆங்கிலத்திலும் ஏறிக்கொண்டது. ஆயத்த ஆடைக் கடையில் 'ஹெல்தி' என்றால் பருமன் என்று பொருள். 'பையன் கொஞ்சம் ஹெல்தி' என்று சொல்லும் தாய் இடக்கரடக்கலாகப் பேசுகிறார் என்று கொள்வது பாதி உண்மையே. மூன்று தலைமுறைகளுக்கு முன்பு அச்சொல் இடக்கரடக்கல் அன்று, நேர்ப்பொருள். இன்று மாநகர மருத்துவமனையொன்றில், ஒன்பது வயதுச் சிறுவனின் கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கிறது, அவனுக்கு உடல்பருமன் என்னும் நோய் இருக்கிறது என்று மருத்துவர் கூறும்போது, தாயின் காதில் அது ஏறத்தாழ ஒரு முரண்கூற்றாகவே விழுகிறது. ஹெல்தியான பிள்ளைக்கு நோய் எப்படி வரும்? அடுத்த வினாடியே மருத்துவர் கேட்கும் கேள்வி: 'வீட்டில் என்ன கொடுக்கிறீர்கள்?' இந்தியாவில் குழந்தைப் பருவ உடல்பருமனின் வரலாற்றை எழுதுவதென்றால், அந்தத் தாயின் திகைப்பும் அந்தக் கேள்வியும் எங்கிருந்து வந்தன என்பதைத்தான் முதலில் எழுத வேண்டும்.

பருமனை மதிப்பது இந்தியப் பண்பாட்டின் தொன்மையான இயல்பு என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. சரக சம்ஹிதையின் சூத்திரஸ்தானத்தில் இகழத்தக்க எண்வகை உடல்களைப் பேசும் அத்தியாயம் ஒன்று உண்டு. மிகப் பருத்தவரும் மிக மெலிந்தவரும் அப்பட்டியலில் அருகருகே நிற்கிறார்கள். இரண்டில் மெலிவே மேல் என்பது அந்நூலின் தீர்ப்பு. பருமனுக்கான காரணங்களாக மிகையுணவு, இனிப்பு, பகலுறக்கம், உடலுழைப்பின்மை ஆகியவற்றோடு விதையின் இயல்பையும், அதாவது பெற்றோர்வழி வருவதையும், சரகர் சேர்த்துக்கொள்கிறார். அதே நூலின் சாரீரஸ்தானத்தில், கருவுற்ற பெண் இன்னின்னது செய்தால் இன்னின்ன பிள்ளை பிறக்கும் என்று ஒரு நீண்ட அடுக்கு வருகிறது. எப்போதும் இனிப்பே உண்பவளுக்குப் பிரமேகம் உடையதோ, ஊமையோ, மிகப் பருத்ததோ ஆகிய பிள்ளை பிறக்கும் என்கிறது அது. நீரிழிவையும் உடல்பருமனையும் ஒரே தொடரில், தாயின் உணவோடு சேர்த்துக் கட்டிய அந்த வரியை இன்றைய கருவுலக ஆய்வுகளின் முன்னோடி என்று கொண்டாடுவோர் உண்டு. அந்தப் பெருமிதம் தேவையற்றது. அந்த அடுக்கில் உள்ள மற்ற கூற்றுகளை எவரும் இன்று காப்பாற்ற மாட்டார்கள். ஆனால் குற்றம் சாட்டப்படுபவர் யார் என்பதில் அவ்வரிக்கும் மருத்துவமனைக் கேள்விக்கும் இடையே இருக்கும் தொடர்ச்சியை மறுக்க இயலாது.

ஆக, நூல்மரபில் ஐயத்துக்குரியதாக இருந்த பருமன் வழக்கில் எவ்வாறு நலத்தின் மறுபெயராயிற்று? விடையின் பெரும்பகுதி மரணக் கணக்கில் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபதாண்டுகளில், பிரிட்டிஷ் இந்தியாவில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 200 பேர் ஓராண்டு நிறைவதற்குள் இறந்தார்கள். இதுவும் பதிவான கணக்கு மட்டுமே. வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் அம்மையும் அடுத்தடுத்து வந்த காலத்தில், தொடையில் இருந்த மடிப்பு ஓர் அழகுக் குறிப்பு அன்று, சேமிப்பு. பத்து நாள் பால் குடிக்காமல் கிடந்தாலும் குழந்தை தாங்கும் என்பதற்கான அடையாளம். பாட்டிமார்கள் அறியாமையால் பருமனை விரும்பினார்கள் என்று பேசும் நலவாழ்வுப் பிரசுரங்கள் இதை மறந்துவிடுகின்றன. அவர்கள் கண்டது சரி. மாறியது உலகம்.

அந்தக் காட்சியறிவை அரசும் கையிலெடுத்த ஆண்டாக 1924ஐக் கொள்ளலாம். அவ்வாண்டு, வைஸ்ராயின் மனைவி லேடி ரீடிங்கின் முன்முயற்சியில், இந்தியாவின் பல நகரங்களில் 'தேசியக் குழந்தை வாரம்' கொண்டாடப்பட்டது. பிரிட்டனில் முதல் உலகப்போர்க் காலத்தில் தோன்றிய வழக்கத்தின் நகல் இது. போரில் இளைஞர்களை இழந்த பேரரசு தன் குழந்தைகளை எண்ணத் தொடங்கியிருந்தது. சுகாதாரக் கண்காட்சிகள், விளக்குப்படச் சொற்பொழிவுகள் ஆகியவற்றோடு குழந்தைப் போட்டிகளும் இந்த வாரங்களில் இடம்பெற்றன. நல்ல உடற்கட்டும் தூய்மையும் உள்ள குழந்தைக்குப் பரிசு. குழந்தையின் உடல் ஒரு பொது மேடையில் வைத்து எடைபோடப்பட்டது, மதிப்பெண் தாய்க்கு.

மேடையின் பின்னணியில் இருந்த வாதத்தைக் கவனிக்க வேண்டும். இந்தியக் குழந்தைகள் இறப்பதற்கு வறுமை, சாக்கடை, குடிநீர் ஆகியவை காரணம் என்றால் அரசு செலவிட வேண்டும். தாயின் அறியாமையும் மருத்துவச்சியின் அழுக்குக் கைகளும் காரணம் என்றால் ஒரு வாரக் கண்காட்சி போதும். இரண்டு காரணங்களும் உண்மை என்பதை அக்காலச் சுகாதார அதிகாரிகள் அறிந்தே இருந்தார்கள். செலவு குறைந்த உண்மை முன்வரிசையில் அமர்ந்தது. தேசிய இயக்கத்தைச் சார்ந்த பெண்கள் அமைப்புகளும் 'அறிவுள்ள தாய்' என்னும் இலக்கை மனமுவந்து ஏற்றன. அடிமைப்பட்ட நாட்டின் மெலிந்த உடலைப் பற்றிய வெட்கம் அதற்குத் துணை நின்றது. குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து எடைபோட்டுத் தரவரிசைப்படுத்தியதும் இதே பதின்மத்தில்தான். சீக்கியரின் கோதுமை, பால் உணவு உண்ட எலிகள் முதலிடத்திலும் சென்னை மாகாணத்து அரிசியுணவு உண்டவை கடைசியிலும் நின்றன. எடை என்பது ஓர் இனத்தின் தகுதிச்சான்றாகப் படிக்கப்பட்ட காலம் அது.

1924ஆம் ஆண்டிலேயே பம்பாயில் இன்னொரு நிகழ்வு நடந்தது. கிளாக்ஸோ பால்மாவை விற்பதற்கான முகவாண்மையாக எச். ஜே. ஃபாஸ்டர் அண்டு கம்பெனி தொடங்கப்பட்டது. கொழுத்த, மலர்ந்த குழந்தைகளை வளர்ப்பது தன் மாவு என்பதே பிரிட்டிஷ் உலகெங்கும் கிளாக்ஸோ செய்த விளம்பரத்தின் சாரம். குழந்தை வாரமும் பால்மாவும் ஒரே ஆண்டில் வந்தது திட்டமிட்ட கூட்டு என்று சொல்லச் சான்றில்லை, தேவையுமில்லை. மேடையில் பரிசு பெற்ற குழந்தையும் டப்பாவில் சிரித்த குழந்தையும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டிருந்தன என்பது போதும். அந்த அச்சுக்கு உள்ளூர் வண்ணம் தீட்டியது நாட்காட்டி ஓவியம். வெண்ணெயும் கையுமாகத் தவழும் கண்ணன் சுவர்தோறும் தொங்கினான். குழந்தைகளுக்கான கிரைப் வாட்டர் விளம்பரத்துக்கும் அவனே வந்தான். பின்னாளில், விரலை உதட்டில் வைத்துப் பார்க்கும் மர்ஃபி வானொலியின் குழந்தை வந்தது. கருவுற்ற பெண்ணின் கண்ணில் நாள்தோறும் படும்படி அழகிய குழந்தையின் படத்தை மாட்டிவைக்கும் வழக்கத்தில், கண்ணனுக்கும் வானொலிக் குழந்தைக்கும் வேற்றுமை பாராட்டப்படவில்லை.

விடுதலைக்குப் பின் இந்த அச்சு தேசியமயமாயிற்று. எருமைப்பாலைத் தூளாக்க முடியாது என்ற மேலைநாட்டு வல்லுநர்களின் கருத்தை ஆனந்தில் எச். எம். தலாயா பொய்யாக்கினார். எருமைப்பாலிலிருந்து குழந்தையுணவு தயாரிக்கும் முறையை மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் உருவாக்கியது. அமுலின் டப்பா நடுத்தர வகுப்பு வீடுகளில் இறக்குமதி மாவின் இடத்தைப் பிடித்தது. அந்நியச் செலாவணி மிச்சமாயிற்று. கூட்டுறவு உழவர் பயன்பெற்றார். இவை மெய்யான சாதனைகள். உடன்விளைவாக 'அமுல் பேபி' என்னும் தொடர் பல இந்திய மொழிகளுக்குள் புகுந்து, பருத்த, வெளுத்த, கவலையறியாத பிள்ளை என்று பொருள்பட்டது. ஒரு வணிகப் பெயர் உடல்வகையின் பெயராக மாறுவதற்கு இதைவிடத் தூய எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

டப்பாவின் மறுபக்கத்தை முதலில் உரக்கச் சொன்னவர்களுள் ஒருவர் மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ். 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் அவர் ஆற்றிய உரையின் தலைப்பே பாலையும் கொலையையும் இணைத்தது. அசுத்த நீரில் கரைத்த புட்டிப்பாலை ஏழைத் தாய்மாரிடம் விற்பதைக் கொலை என்றே அழைக்க வேண்டும் என்பது அவர் வாதம். இவரே அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, ஆப்பிரிக்காவின் பொற்கரையில் பணியாற்றியபோது, 'குவாஷியார்கர்' என்னும் கா மொழிச் சொல்லை மருத்துவ உலகுக்குள் கொண்டுவந்தவர். அடுத்த குழந்தை வந்ததும் முலையிலிருந்து இறக்கிவிடப்பட்ட மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்பது அதன் கருத்து. தமிழின் 'சவலை' ஏறக்குறைய அதையே குறிக்கிறது. ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத இரண்டு மொழிகள் ஒரே துயரத்துக்குத் தனித்தனியே பெயரிட்டு வைத்திருந்தன என்பது கருதத்தக்கது. நோயைப் பெயரிட்ட இரு சொற்களுமே தாயைக் குறை சொல்லவில்லை. பிறப்புகளுக்கு இடையிலான கால நெருக்கத்தைச் சொல்கின்றன.

வில்லியம்ஸ் எழுப்பிய குரல் சட்டமாவதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. உலகச் சுகாதார அவை 1981இல் தாய்ப்பால் மாற்றுப்பொருள்களின் விற்பனைக்கான நெறிமுறையை ஏற்றது. இந்தியா 1992இல் தனிச் சட்டம் இயற்றி, 2003இல் அதை மேலும் இறுக்கியது. அச்சட்டம் தாய்ப்பால் மாற்றுப்பொருள்களின் விளம்பரத்தைத் தடுத்ததோடு நிற்கவில்லை. டப்பாவின் மேல் குழந்தையின் படமோ பெண்ணின் படமோ இருத்தல் கூடாது என்றது. கொழுகொழு குழந்தையின் உருவத்தையே ஒரு தவறான கூற்றாக இந்தியச் சட்டம் கருதிய அரிய இடம் இது. படம் டப்பாவிலிருந்து இறங்கியது. மனத்திலிருந்து இறக்கச் சட்டப்பிரிவு ஏது?

இதற்கிடையே தராசு கிராமத்துக்கு வந்துவிட்டது. நைஜீரியாவின் இமேசி-இலே கிராமத்தில் டேவிட் மார்லி உருவாக்கிய வளர்ச்சி அட்டை, மாதந்தோறும் குழந்தையின் எடையைப் புள்ளியிட்டு இணைக்கும் எளிய கருவி. இந்தியாவில் 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் வழியாக அத்தகைய அட்டை அங்கன்வாடிகளின் அன்றாடக் கருவியாயிற்று. கோடு மேலே ஏறினால் நலம், படுத்தால் எச்சரிக்கை, இறங்கினால் ஆபத்து. எண்ணற்ற உயிர்களைக் காத்த கருவி என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் இலக்கணம் ஒருதிசை இலக்கணம். எவ்வளவு ஏறினால் போதும் என்று அது பல ஆண்டுகள் எவருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. கேட்கும் நிலையிலும் எவரும் இல்லை.

ஏன் இல்லை என்பதற்கு 1980களின் விவாதமொன்று விளக்கம் தருகிறது. புள்ளியியலாளர் பி. வி. சுகாத்மேயின் சிந்தனையை ஒட்டி, பொருளியலாளர் டேவிட் செக்லர் 1982இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: குறைவான உணவுக்குத் தகவமைந்து சிறுத்த இந்திய உடல், சிறியதே ஆயினும் நலமானது. ஊட்டச்சத்து அறிவியலாளர் சி. கோபாலன் இதைக் கடுமையாக எதிர்த்தார். சிறுமையே நலம் என்பது ஏழைகளுக்கு மட்டும் எழுதப்படும் தத்துவம் என்பது அவர் மறுப்பின் உட்கரு. கோபாலன் பக்கமே நியாயம் இருந்தது. எனினும் அவ்விவாதத்தின் சூட்டில், பெரியது எல்லாம் நலமா என்ற மறுதலை வினா எழவே வழியில்லாமல் போயிற்று. பட்டினி நாட்டில் பருமனைப் பற்றிப் பேசுவது ஒருவகை அநாகரிகமாகத் தோன்றியது. இன்றும் கருத்தரங்குகளில் அத்தயக்கம் முற்றிலும் தீர்ந்துவிடவில்லை.

பருத்த குழந்தையையும் பெற்றோரையும் இணைத்துப் பேசும் நவீன மருத்துவச் சொல்லாடல் இந்தியாவில் பிறந்ததன்று. அதன் பிறப்பிடம் 1930களின் நியூயார்க். ஜெர்மனியிலிருந்து வெளியேறிய யூத மருத்துவர் ஹில்டா புரூக், கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த குழந்தைகள் மருத்துவமனையில் பருத்த குழந்தைகளை ஆராய்ந்தார். சுரப்பிக் கோளாறே காரணம் என்ற அன்றைய நம்பிக்கையை அவர் தகர்த்தார். அது அவருடைய பெரும்பணி. அந்த வெற்றிடத்தில் அவர் வைத்தது குடும்பத்தை. 1940இல் கிரேஸ் டூரெய்னுடன் இணைந்து எழுதிய கட்டுரையில், அன்பைத் தர இயலாத தாய் அதற்கு ஈடாக உணவைத் தருகிறாள், பிள்ளையைத் தன்னோடு கட்டிவைக்கிறாள் என்னும் சித்திரம் உருவாகிறது. அவர் கண்ட குடும்பங்கள் பலவும் ஐரோப்பாவிலிருந்து குடியேறியவை, பசியை அறிந்தவை, பருத்த பிள்ளையைத் தங்கள் உழைப்பின் வெற்றியாகக் கண்டவை. அந்த வரலாற்றுப் பசி புரூக்கின் குறிப்புகளில் இருக்கிறது. ஆனால் பின்வந்தவர்கள் எடுத்துச்சென்றது தாயின் மனக்கோளாறு என்ற பகுதியைத்தான். இழப்பு நீங்கி இலேசாக்கப்பட்ட ஒரு கோட்பாடு மூலத்தைவிட வேகமாகப் பயணம் செய்யும்.

அக்கோட்பாட்டுக்கு எதிரான வலுவான சான்று 1986இல் வந்தது. ஆல்பர்ட் ஸ்டன்கார்டும் உடன் ஆய்வாளர்களும் டென்மார்க்கில் தத்துக்கொடுக்கப்பட்டு வளர்ந்த 540 பேரின் உடல்வகையை ஆராய்ந்தனர். அது பெற்ற தாய்தந்தையரின் உடல்வகையோடு ஒத்துச்சென்றது, வளர்த்தவர்களோடு ஒத்துச்செல்லவில்லை. இதைக் கொண்டு வீட்டுச் சூழலுக்குப் பங்கே இல்லை என்று முடிவுகட்டுவதும் பிழை. ஒரு தலைமுறைக்குள் ஒரு நாட்டின் குழந்தைகள் பருப்பதை மரபணுவால் விளக்க முடியாது. ஆயினும், ஒரே தட்டில் சோறு போடும் ஒரே தாயின் இரண்டு பிள்ளைகள் ஏன் இரண்டு விதமாக வளர்கிறார்கள் என்று கேட்ட எவருக்கும் இந்த முடிவு வியப்பளிக்காது.

இந்தியச் சான்றுகள் இந்தக் கதையை வேறொரு பக்கம் திருப்பின. புணேக்கு அருகிலுள்ள ஆறு கிராமங்களில் 1990களில் சித்தரஞ்சன் யாக்னிக் குழுவினர் தொடங்கிய ஆய்வு, அங்கே பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டது. சராசரி எடை இங்கே 2.7 கிலோ, அங்கே 3.5 கிலோ. தசையிலும் வயிற்றுறுப்புகளிலும் இந்தியக் குழந்தை வெகுவாகச் சிறுத்திருந்தது. ஆனால் தோள்பட்டைக்குக் கீழே தோல்மடிப்பை அளந்தபோது, கொழுப்பு மட்டும் ஏறத்தாழக் குறையாமல் இருந்தது. மெலிந்தும் கொழுத்தும் பிறக்கும் குழந்தை! 'கிட்மிடீத்', 'குட்குடீத்' என்று மராத்தி கவனமாகப் பிரித்துவைத்திருந்த இரண்டும் ஒரே உடலில், அதுவும் மராத்தி பேசும் கிராமத்திலேயே கண்டறியப்பட்டன. கண்ணும் தராசும் பார்க்க முடியாத ஒன்றை அக்குழந்தை தோலுக்கடியில் வைத்திருந்தது.

அடுத்த சான்று தெற்கு டெல்லியிலிருந்து. அங்கே 1969 முதல் 1972 வரை பிறந்த குழந்தைகள் தொடர்ந்து அளக்கப்பட்டு வந்தார்கள். அவர்களுள் 1,492 பேர் முப்பது வயதை ஒட்டியபோது மீண்டும் பரிசோதிக்கப்பட்டனர். முடிவுகள் 2004இல் வெளியாயின. அந்த இளம் வயதிலேயே நீரிழிவோ அதன் முன்நிலையோ கண்டவர்கள் குழந்தையாக இருந்தபோது எப்படி இருந்தார்கள்? இரண்டு வயதுவரை மெலிந்திருந்தார்கள். பின்னர் மற்றவர்களைவிட வேகமாக எடை கூடினார்கள். பன்னிரண்டு வயதில்கூட அவர்களில் ஒருவரும் உடல்பருமன் வரையறைக்குள் வரவில்லை. இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் சிக்கலே இருக்கிறது. அந்தப் பிள்ளைகளின் தாய்மார் செய்தது என்ன? நோஞ்சானாக இருந்த குழந்தையைத் தேற்றினார்கள். அட்டை சொன்னபடி, மாமியார் சொன்னபடி, அங்கன்வாடியும் விளம்பரமும் ஒரே குரலில் சொன்னபடி, கோட்டை மேலே ஏற்றினார்கள். அவர்களைக் கண்ட எந்த மருத்துவரும் அன்று பாராட்டியிருப்பாரே அன்றி எச்சரித்திருக்க மாட்டார்.

'புஷ்டி', 'போஷாக்கு', 'போஷண்' ஆகிய மூன்றும் செழித்தல் என்று பொருள்படும் 'புஷ்' என்னும் ஒரே வடமொழி வேரிலிருந்து வந்தவை. அரசின் ஊட்டச்சத்து இயக்கத்துக்கு 2018இல் இடப்பட்ட பெயரும் போஷண் அபியான். எதிர்ச்சொல் 'குபோஷண்' நடைமுறையில் குறைவூட்டத்தையே சுட்டுகிறது. மிகையூட்டமும் குபோஷண்தான் என்று அகராதி அனுமதித்தாலும் வழக்கு அனுமதிக்கவில்லை. வேரிலேயே திசை இருக்கிறது. சொல் மனிதரைச் சிறைப்படுத்துகிறது என்ற பழைய மொழிச்சார்புக் கோட்பாட்டை இங்கே இழுத்துவர வேண்டியதில்லை. ஒரு சமூகம் எதற்கு அஞ்சியதோ அதற்கு ஏற்பத் தன் சொற்களை அமைத்துக்கொண்டது; அச்சத்தின் காரணம் தணிந்த பின்னும் சொற்கள் தங்கிவிட்டன.

காரணம் முற்றிலும் தணியவுமில்லை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள், 19.3 விழுக்காட்டினர் உயரத்துக்கேற்ற எடையில்லாதவர்கள். மிகையெடை உள்ளவர்கள் 3.4 விழுக்காடு. முந்தைய 2015–16 கணக்கெடுப்பில் இது 2.1 ஆக இருந்தது. சிறிய எண்தான், ஆயினும் ஐந்தாண்டில் ஒன்றரை மடங்கைத் தாண்டிய எண். மேற்சொன்ன புணே, டெல்லி ஆய்வுகளை மனத்திற்கொண்டால், 35.5க்கும் 3.4க்கும் இடையே சுவர் எழுப்பிக்கொண்டு ஒன்று ஏழைகளின் நோய், மற்றது செல்வரின் நோய் என்று பிரித்துப் பேசுவது இனி செல்லாது. முதல் எண்ணில் உள்ள பிள்ளை பதினைந்து ஆண்டு கழித்து இரண்டாவது வகையான எண்ணொன்றில் வந்து நிற்கக்கூடும்.

அந்தப் பதினைந்து ஆண்டுகளை நிரப்புவது சந்தை. இரண்டு நிமிட நூடுல்ஸ் இந்தியாவுக்கு வந்தது 1983இல். 1991க்குப் பின் பொட்டலத் தின்பண்டம் ஐந்து ரூபாய்க்கும் அதற்குக் குறைவாகவும் சிற்றூர்ப் பெட்டிக்கடை வரை தொங்கியது. இவ்விளம்பரங்கள் பலவற்றின் கதைத்தலைவி தாய். பசியோடு ஓடிவரும் பிள்ளைக்கு நொடியில் எடுத்துக்கொடுக்கும் நல்ல தாய். 1924இன் மேடையில் பரிசு வாங்கியவளும் இவளும் ஒரே பாத்திரம். மால்ட்டும் சர்க்கரையும் கலந்த பானப்பொடிகள் 'ஹெல்த் டிரிங்க்' என்ற பெயரில் பல பதின்மங்கள் விற்கப்பட்டன. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படியொரு வகைப்பாடே வரையறுக்கப்படவில்லை, ஆகவே இணைய விற்பனைத் தளங்கள் அத்தலைப்பின்கீழ் இவற்றைப் பட்டியலிடக் கூடாது என்று மத்திய வணிக அமைச்சகம் அறிவுறுத்தியது 2024 ஏப்ரலில். அதுவரை 'ஹெல்த்' என்ற சொல்லுக்குக் காவலர் எவரும் இருக்கவில்லை. அந்தச் சொல்லை நம்பிக் காலையும் மாலையும் பாலில் கரைத்துக் கொடுத்த தாய்மாரின் மேல் எந்தப் பிரிவில் வழக்குத் தொடர்வது?

பள்ளி வாசலின் கதையும் நீண்டது. பள்ளிகளிலும் அவற்றின் சுற்றிலும் சத்தற்ற தின்பண்டங்கள் விற்பதைத் தடுக்கக் கோரி டெல்லி உயர்நீதிமன்றத்தில் 2010இல் பொதுநல வழக்கு தொடரப்பட்டது. 2015இல் தீர்ப்பு வந்தது. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த உணவுகளைப் பள்ளி வளாகத்திலும் வாயிலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்பதைத் தடுக்கும் விதிமுறைகளை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் வெளியிட்டது. பத்தாண்டுகளில் ஒரு குழந்தை பள்ளியில் சேர்ந்து பத்தாம் வகுப்பைத் தொட்டுவிடும். அக்காலமெல்லாம் பெற்றோருக்கு வழங்கப்பட்ட அறிவுரை மட்டும் தடையின்றித் தொடர்ந்தது. பெற்றோரின் பங்கு இல்லை என்பதன்று இதன் பொருள். என்ன சமைப்பது, எப்போது உறங்கவைப்பது, கைப்பேசியைக் காட்டி ஊட்டுவதா வேண்டாமா என்பனவெல்லாம் வீட்டில்தான் முடிவாகின்றன. அந்த வீட்டின் முடிவுகளில் தந்தையின் பெயரை இந்த நூறாண்டு ஆவணங்களில் தேடினால் கிடைப்பது அரிதாகவே இருக்கிறது. பெற்றோர் என்ற பொதுச்சொல்லுக்குள் தாய் மட்டுமே நிற்கிறாள். தந்தை இலக்கணத்தில் மட்டும் உடனிருக்கிறார்.

2022 மார்ச்சில், போஷண் பக்வாடாவின் ஒரு பகுதியாக, 'ஸ்வஸ்த் பாலக் பாலிகா ஸ்பர்தா' என்ற பெயரில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான நலப்போட்டியை மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் நாடெங்கும் நடத்தியது. அங்கன்வாடிகளில் உயரமும் எடையும் அளக்கப்பட்டுச் செயலியில் பதிவாயின. லேடி ரீடிங்கின் வாரத்துக்கும் இதற்கும் இடையே இரண்டாண்டு குறைய ஒரு நூற்றாண்டு. 1924இல் நடுவர்களிடம் இல்லாத ஒன்று இப்போது இருந்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி அளவைகளில் கீழெல்லையைப் போலவே மேலெல்லையும் உண்டு. ஆறு நாடுகளின் குழந்தைகளைக் கொண்டு அமைக்கப்பட்ட அவ்வளவைகளுக்கு இந்தியாவிலிருந்து அளக்கப்பட்டவர்கள், தற்செயலாக, தெற்கு டெல்லிக் குழந்தைகளே. 'ஸ்வஸ்த' என்ற வடமொழிச் சொல்லைப் பிரித்தால் தன்னிலையில் நிற்றல் என்று பொருள் வரும். அதில் பருமனும் இல்லை, மெலிவும் இல்லை. போட்டி முடிந்து குழந்தையை இடுப்பில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும் தாயிடம், தெருவில் எதிர்ப்படுபவர் அந்தச் சொல்லைக் கொண்டு கேட்பதில்லை. குழந்தையின் கையைப் பிடித்துப் பார்த்து, போன தடவைக்கு இளைத்திருக்கிறதே என்றுதான் கேட்பார்.